தலைப்பெழுத்தில் வாழும் தந்தை



பெயருக்கு முன்னால் இடுகின்றோமே தலைப்பெழுத்து, அதைப் பற்றி என்றேனும் சிந்தித்ததுண்டா? பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது எழுதுகின்றோம். நிக்காஹ் பத்திரிகையில் அச்சிடுகின்றோம். குடும்ப அட்டையிலும் பதிகின்றோம். அந்த ஒற்றை எழுத்துக்குப் பின்னால் ஒரு மனிதர் நிற்கின்றார். அவர் எப்படி உழைத்தார், எதைக் கொடுத்தார், எதை வேண்டாமென்று மறுத்தார் என்பதையெல்லாம் அறிந்த பிள்ளைகள் நம் வீடுகளில் எத்தனை பேர்?

மதரஸாவில் பாடம் நடத்துகின்ற நான் பிள்ளைகளிடம் அவ்வப்போது இதைக் கேட்பதுண்டு. "உன் பாட்டனார் என்ன வேலை செய்தார்?" என்று கேட்டால் பலரும் விழிப்பார்கள். பாட்டனார் விட்டுச் சென்ற வீட்டின் விலை தெரிந்திருக்கும். அந்த வீட்டை எழுப்பிய கைகளைப் பற்றி ஒன்றும் தெரிந்திராது. இது பிள்ளைகளின் குறையன்று. நாம் சொல்லாததால் அவர்கள் அறியவில்லை.

நம் நாட்டின் குடியரசுத் தலைவராக 2002 முதல் 2007 வரை விளங்கிய மர்ஹூம் டாக்டர் ஏ.பி.ஜே. அப்துல் கலாம் அவர்களின் பெயரை எடுத்துக் கொள்ளுங்கள். அதிலுள்ள மூன்று எழுத்துகளும் மூன்று தலைமுறைகள். ஆவுல் என்பது பாட்டனாரின் தந்தை. பக்கீர் என்பது பாட்டனார். ஜைனுலாப்தீன் என்பது தந்தை. மகனை உலகம் அறியும். அந்த மூன்றாவது எழுத்துக்குரிய தந்தையைப் பற்றித்தான் இம்மாதம் உங்களுடன் பேச விழைகின்றேன். கலாம் அவர்கள் 1999இல் வெளியான 'அக்னிச் சிறகுகள்' நூலிலும், 2013இல் வெளியான 'எனது பயணம்' நூலிலும், பற்பல சொற்பொழிவுகளிலும் தம் தந்தையை நினைவுகூர்ந்துள்ளார்கள். அவற்றிலிருந்து நாம் பெற வேண்டிய பாடம் ஏராளம்.

தோளில் தேங்காய்

இராமேசுவரத்தில் பள்ளிவாசல் தெருவில், சுண்ணாம்பும் செங்கல்லும் கொண்டு கட்டப்பட்ட பழைய வீடு அது. ஜைனுலாப்தீன் அவர்கள் பெரும் படிப்பு படித்தவரல்லர், பெருஞ்செல்வரும் அல்லர். ஊர்ப் பள்ளிவாசலின் இமாமாகத் தொழுகை நடத்தியவர். அத்துடன் தம் கையால் உழைத்து உண்டவர்.

அதிகாலை 4 மணிக்கெல்லாம் அவருடைய நாள் தொழுகையுடன் தொடங்கிவிடும். தொழுகை முடிந்ததும் ஏறத்தாழ நான்கு மைல் தொலைவிலிருந்த சிறு தென்னந்தோப்புக்கு நடந்து செல்வார். திரும்பி வரும்போது பத்துப் பன்னிரண்டு தேங்காய்களைக் கட்டித் தோளில் சுமந்து வருவார். அதன் பின்னரே காலை உணவு. அறுபது வயதின் பிற்பகுதியிலும் இந்த வழக்கம் மாறவில்லை என்று மகன் எழுதுகின்றார்.

மகனுக்கு ஆறு வயதாயிருந்தபோது தந்தை ஒரு பாய்மரப் படகு கட்டத் தொடங்கினார். இராமேசுவரத்திலிருந்து தனுஷ்கோடிக்கு யாத்திரிகர்களை ஏற்றிச் செல்வதற்கான படகு. கடற்கரையில் மரத்துண்டுகளைச் சேர்த்து, விறகுத் தீயின் சூட்டில் பதப்படுத்தி, உறவினர் அகமது ஜலாலுத்தீன் அவர்களின் துணையுடன் அது உருவாவதைச் சிறுவர் கலாம் உடனிருந்து பார்த்தார்.

இங்கே ஒரு கணக்கைக் கவனியுங்கள். கலாம் பிறந்தது 1931. தந்தை மறைந்தது 1976. அப்போது அவருக்கு வயது 102. அப்படியாயின் அந்தப் படகைக் கட்டத் தொடங்கிய காலத்தில் அவருக்கு வயது அறுபதைத் தாண்டியிருக்கின்றது! "இனி நமக்கென்ன, பிள்ளைகள் பார்த்துக் கொள்வார்கள்" என்று நம்மில் பலர் சாய்வு நாற்காலியில் அமர்கின்ற வயதில், அவர் ஒரு புதிய தொழிலுக்கு அடித்தளமிட்டார். தொழில் நன்றாக நடந்துகொண்டிருந்த காலத்தில் ஒரு புயல் அந்தப் படகை அடித்துச் சென்றுவிட்டது. பள்ளிவாசலில் அவர் நடத்திய தொழுகையைப் புயலால் அடித்துச் செல்ல முடியவில்லை. அவர் மீது ஊர் வைத்திருந்த நம்பிக்கையும் அப்படியே நின்றது.

கைத்தொழிலைத் தாழ்வாகக் கருதுகின்ற பழக்கம் நம்மிடையே எப்படியோ புகுந்துவிட்டது. இமாமத் செய்பவர் தேங்காய் சுமக்கலாமா என்று கேட்பவர்களும் இருக்கக்கூடும். நபிமார்களின் வரலாற்றைப் பாருங்கள். நூஹ் (அலை) அவர்கள் கப்பல் கட்டினார்கள். தாவூத் (அலை) அவர்கள் இரும்பைக் கையாண்டு கவசம் செய்தார்கள். தம் கை உழைப்பிலிருந்தே உண்டார்கள். ஜகரிய்யா (அலை) அவர்கள் தச்சராக இருந்தார்கள். இவர்கள் எவருக்கும் உழைப்பு இழுக்காகவில்லை.

திண்ணையில் மூன்று கோப்பை தேநீர்

மாலைத் தொழுகை முடிந்து அவர் பள்ளிவாசலை விட்டு வெளியே வரும்போது பல மதத்தவரும் வாசலில் காத்து நிற்பார்களாம். கிண்ணங்களில் தண்ணீர் கொண்டு வருவார்கள். அவர் அதில் விரல் நுனியை நனைத்து துஆச் செய்து கொடுப்பார். நோயாளிகளுக்காக அதை வீட்டுக்கு எடுத்துச் செல்வார்கள். நோய் நீங்கியவர்கள் நன்றி சொல்ல வீடு தேடி வருவார்கள். அவரோ புன்னகைத்து, நன்றியை அல்லாஹ்வுக்குச் செலுத்துங்கள் என்று சொல்லி அனுப்பிவிடுவார். வந்த புகழைத் தம்மிடம் நிறுத்திக்கொள்ளாமல் உரியவனிடம் ஒப்படைத்துவிடுகின்ற இந்தப் பண்பை என்னென்பது!

இராமேசுவரம் கோயிலின் தலைமைக் குருக்கள் பட்சி லட்சுமண சாஸ்திரிகள் அவருடைய நெருங்கிய நண்பர். தீவில் முதல் தேவாலயத்தைக் கட்டிய பாதிரியார் போடல் அவர்களும் உடன் சேர்வார். மாலை வேளைகளில் இம்மூவரும் ஆளுக்கொரு கோப்பைத் தேநீருடன் அமர்ந்து ஊருக்கு வந்த சிக்கல்களைப் பேசித் தீர்ப்பார்களாம். ஆண்டுதோறும் கோயிலின் திருக்கல்யாண விழாவுக்கு, தீர்த்தக் குளத்தில் படகுகளை ஏற்பாடு செய்து கொடுக்கும் பொறுப்பு அந்தக் குடும்பத்தினுடையதாகவே இருந்தது. தம் மார்க்கத்தில் அணுவளவும் தளராமல் ஐவேளையும் தொழவைத்த மனிதர்தான் அண்டை வீட்டாரின் நம்பிக்கைக்கும் உரியவராக விளங்கினார். மார்க்கப்பற்றும் அயலார் நேசமும் ஒன்றையொன்று தள்ளிவிடும் என்று எண்ணுவோர் இந்த வாழ்க்கையைப் பார்க்கட்டும்.

அந்த நட்பு பிள்ளைகளுக்கு அரணாகவும் அமைந்தது. ஐந்தாம் வகுப்பில் புதிதாக வந்த ஆசிரியர் ஒருவர், குருக்களின் மகனருகே ஒரு முஸ்லிம் சிறுவன் அமர்ந்திருப்பதைப் பொறுக்காமல் கலாமைக் கடைசி வரிசைக்கு அனுப்பினார். செய்தி அறிந்த லட்சுமண சாஸ்திரிகள் அந்த ஆசிரியரை அழைத்துக் கண்டித்தார். பிஞ்சு உள்ளங்களில் வேற்றுமையை விதைக்கக் கூடாதென்றார். ஜைனுலாப்தீன் அவர்கள் ஆண்டுக்கணக்கில் வளர்த்த நட்பு, தேவையான ஒரு நாளில் அவருடைய பிள்ளைக்குக் குடை பிடித்தது.

காத்து நின்ற தந்தை

ஊருக்கு உழைப்பவர்கள் வீட்டை மறந்துவிடுவார்கள் என்பது பொதுவான குறை. ஜைனுலாப்தீன் அவர்களிடம் அக்குறை இல்லை. வீடு பெரிய கூட்டுக் குடும்பம். எந்நேரமும் மூன்று தொட்டில்கள் ஆடிக்கொண்டிருக்கும் என்கின்றார் கலாம். அன்னை ஆஷியம்மா அவர்கள் நாள்தோறும் எத்தனை பேருக்குச் சோறு பரிமாறினார்கள் என்பதற்குக் கணக்கில்லை. வீட்டாரைவிட வெளியாரே அதிகம் உண்ட வீடு அது. ஆடம்பரம் எதற்கும் அங்கே இடமில்லை. உணவு, உடை, மருந்து என்ற தேவைகளில் பிள்ளைகளுக்கு எந்தக் குறையும் வைக்கப்படவில்லை.

சிறுவர் கலாம் விடியுமுன் எழுந்து கணக்குப் பாடம் கற்கச் செல்வார். பாடம் முடிந்து அவர் திரும்பும்போது தந்தை காத்திருந்து, தொழுகைக்கும் குர்ஆன் ஓதும் அரபுப் பாடசாலைக்கும் அழைத்துச் செல்வாராம். பெற்றோர்களே, இந்த இடத்தில் சற்று நில்லுங்கள். மகனைக் கணக்குக்கு அனுப்பிய தந்தையேதான் ஓதுவதற்கும் அழைத்துச் சென்றார். இரண்டில் ஒன்று போதும் என்று அவர் எண்ணவில்லை. "போய் ஓதிவிட்டு வா" என்று தூண்டிவிட்டுத் திண்ணையில் அமர்ந்திருக்கவுமில்லை. தாமே உடன் நடந்தார். மதரஸா வாசலில் பிள்ளையை இறக்கிவிட்டு அவசரமாகத் திரும்புகின்ற பெற்றோர்களை நாள்தோறும் காண்கின்ற எனக்கு, அந்த நடை மிகப் பெரிதாகத் தோன்றுகின்றது.

இராமநாதபுரத்திலுள்ள சுவார்ட்ஸ் உயர்நிலைப் பள்ளிக்கு மகன் புறப்பட்டபோது, தாயின் மனம் தயங்கிற்று. பிள்ளைகள் வளர வேண்டுமானால் வெளியே செல்லத்தான் வேண்டும் என்று அவரைத் தேற்றியவர் தந்தைதான். பிள்ளைகளைப் பள்ளிவாசலுக்கு அழைத்துச் சென்று அல்ஃபாத்திஹா ஓதி, ரயிலேற்றி அனுப்பி வைத்தார்.

ஒரு தாம்பாளம்

வாசகர்களே, இவ்வளவும் ஒரு நல்ல தந்தையின் வரலாறு. இனி நான் சொல்லப்போகின்ற நிகழ்ச்சியே இக்கட்டுரையின் உயிர்.

நாடு விடுதலை பெற்ற காலத்தையொட்டி இராமேசுவரத்தில் பஞ்சாயத்துத் தேர்தல் நடைபெற்றது. ஜைனுலாப்தீன் அவர்கள் உறுப்பினராகவும், அன்றே பஞ்சாயத்துத் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். எழுபதைத் தாண்டிய முதியவரைப் பதவி தேடி வந்தது. மதத்தையோ பணத்தையோ பார்த்து ஊரார் அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. மனிதரைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள் என்று மகன் நினைவுகூர்கின்றார்.

ஒரு நாள் மாலை மகன் வீட்டில் படித்துக் கொண்டிருந்தார். தந்தை தொழுகைக்குச் சென்றிருந்தார். தாயும் தொழுகையில் இருந்தார். ஒருவர் வந்து, தலைவருக்கென்று ஒரு பொருள் கொண்டு வந்திருப்பதாகவும் அதை வைத்துவிட்டுப் போகலாமா என்றும் கேட்டார். கேட்பதற்குப் பெரியவர்கள் இல்லாததால், கட்டில் மீது வைத்துவிட்டுப் போகுமாறு மகன் சொன்னார். தந்தை திரும்பி வந்து பார்த்தார். தாம்பாளத்தில் அங்கவஸ்திரமும் பழங்களும் இனிப்புகளும் இருந்தன.

தந்தை அவ்வளவு கோபமுற்று மகன் அதுவரை பார்த்ததில்லை. தந்தையின் கையால் அவர் அடி வாங்கியதும் அன்றுதான் முதல் முறை. மகன் அழுதார். பின்னர் தந்தை அவரை அணைத்து, தோளைத் தொட்டு அன்போடு விளக்கினார். தம் அனுமதியின்றி யாரிடமிருந்தும் எதையும் வாங்கக் கூடாது என்றார். ஒருவருக்கு ஒரு பொறுப்பை அளிக்கின்ற இறைவன் அவருக்குரிய வாழ்வாதாரத்தையும் அளிக்கின்றான். அதற்கு மேல் அவர் எடுப்பதெல்லாம் முறையற்ற ஆதாயம் என்னும் நபிமொழியின் கருத்தை எடுத்துரைத்தார். உள்நோக்கத்தோடு வருகின்ற அன்பளிப்பு எத்துணை ஆபத்தானது என்பதை மகன் அன்று உணர்ந்தார்.

அண்ணல் நபி (ஸல்) அவர்களின் காலத்து நிகழ்ச்சியொன்று புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. அஸ்து குலத்தைச் சேர்ந்த இப்னுல் லுத்பிய்யா என்பவரை ஜகாத் வசூலிக்க நாயகம் (ஸல்) அவர்கள் அனுப்பினார்கள். அவர் திரும்பி வந்து, இது உங்களுடையது, இது எனக்கு அன்பளிப்பாக வந்தது என்று பிரித்துக் காட்டினார். நாயகம் (ஸல்) அவர்கள் மிம்பரில் ஏறி நின்று, இவர் தம் தந்தையின் வீட்டிலோ தாயின் வீட்டிலோ அமர்ந்திருந்தால் இந்த அன்பளிப்பு தேடி வந்திருக்குமா என்று மக்கள் முன்னிலையில் வினவினார்கள். பதவிக்கு வருகின்ற பொருளையும் மனிதருக்கு வருகின்ற பொருளையும் பிரித்தறிவதற்கு இதைவிடத் தெளிவான உரைகல் வேறெதுவுமில்லை.

இந்த உரைகல்லை நம் ஊர்களில் உரசிப் பாருங்கள். ஜமாஅத் நிர்வாகியின் வீட்டுக்குப் பெருநாளன்று மட்டும் வருகின்ற பெட்டிகள், வக்பு சொத்தைக் குறைந்த வாடகைக்கு வைத்திருப்பவர் கொண்டு வந்து கொடுக்கின்ற பழக்கூடைகள், நியமன உத்தரவு வாங்கித் தருபவருக்கு வருகின்ற கைக்கடிகாரங்கள்... இவையெல்லாம் அந்தப் பொறுப்பு கையில் இல்லாவிட்டாலும் வாசலுக்கு வருமா? வராதெனில் அவை யாருக்கு வந்தவை? பெரியவர்கள் சாமர்த்தியமாக விளக்கம் சொல்லிவிடலாம். கதவைத் திறந்து பெட்டியை உள்ளே எடுத்து வைக்கின்ற பிள்ளை பார்த்துக்கொண்டுதான் இருக்கின்றது.

அரை நூற்றாண்டுக்குப் பின்

ஜைனுலாப்தீன் அவர்கள் விதைத்தது முளைத்ததா? ஐம்பது ஆண்டுகளுக்கும் மேல் கழித்து டெல்லியில் அறுவடை நடந்தது.

குடியரசுத் தலைவர் மாளிகையில் கலாம் அவர்களின் செயலாளராகப் பணியாற்றிய பி.எம். நாயர் தம் நூலில் எழுதியிருக்கின்றார். 2006ஆம் ஆண்டு மே மாதம் கலாம் அவர்களின் உறவினர்கள் சுமார் 50 பேர் டெல்லிக்கு வந்து மாளிகையில் தங்கினார்கள். அரசு வாகனம் எதுவும் அவர்களுக்காகப் பயன்படுத்தப்படவில்லை. தங்கியதற்கும் உண்டதற்கும் தனிக் கணக்கு வைக்கப்பட்டது. முடிவில் வந்த 3 லட்சத்து 52 ஆயிரம் ரூபாயைக் குடியரசுத் தலைவர் தம் சொந்தப் பணத்திலிருந்து செலுத்தினார்.

நோன்பு காலத்தில் பெரிய மனிதர்களை அழைத்து இஃப்தார் விருந்து அளிப்பது அம்மாளிகையின் வழக்கமாக இருந்தது. வசதியுள்ளவர்களுக்கே மீண்டும் உணவளிப்பானேன் என்று கேட்ட கலாம், அத்தொகையைக் கொண்டு அநாதை இல்லங்களுக்கு மாவும் பருப்பும் கம்பளிப் போர்வைகளும் வாங்கி அனுப்பச் செய்தார். அரசுப் பணத்தைத்தானே செலவிட்டோம் என்று எண்ணி, தம் சொந்தப் பணம் ஒரு லட்சம் ரூபாயையும் சேர்த்துக் கொடுத்தார். அதை வெளியே சொல்ல வேண்டாமென்றும் கேட்டுக் கொண்டார்.

இராமேசுவரத்துக் கட்டில் மீதிருந்த தாம்பாளத்துக்கும் டெல்லி மாளிகையின் கணக்குப் புத்தகத்துக்கும் உள்ள தொடர்பு உங்களுக்குப் புலப்படுகின்றதா? அன்று அந்தத் தந்தை பழத்தட்டை வாங்கி வைத்துக் கொண்டிருந்தால், ஊரில் ஒருவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவருடைய பிள்ளை மட்டும் வேறொரு பாடத்தைக் கற்றிருக்கும்.

அவர் விட்டுச் சென்றவை

முதுமையில் தந்தையின் உடல் நலிவுற்றபோது மகன் ஒரு மருத்துவரை அழைத்துச் சென்றார். நீ வந்ததே போதுமே, மருத்துவருக்கு எதற்காகச் செலவு செய்தாய் என்று கடிந்து கொண்டாராம் தந்தை. 1976இல் தம் 102ஆம் வயதில் அவர் இறையடி சேர்ந்தபோது 15 பேரப்பிள்ளைகளையும் ஒரு கொள்ளுப் பேரனையும் விட்டுச் சென்றார். மாளிகையோ தோட்டந்துரவோ அவர் விட்டுச் சென்றதாக மகன் எங்கும் பெருமை பேசவில்லை. கலாம் அவர்கள் 2015 ஜூலை 27இல் ஷில்லாங்கில் மறைந்து, அதே இராமேசுவரத்தில் பேய்க்கரும்பில் அடக்கம் செய்யப்பட்டார்கள்.

வெள்ளிக்கிழமைதோறும் நம் வீடுகளில் ஓதப்படுகின்ற கஹ்ஃப் அத்தியாயத்தில், மூஸா (அலை) அவர்களும் ஹிள்ரு (அலை) அவர்களும் ஓர் ஊருக்குச் செல்கின்ற வரலாறு வருகின்றது. உணவளிக்க மறுத்த அவ்வூரில், விழவிருந்த சுவரொன்றை ஹிள்ரு (அலை) அவர்கள் கூலியின்றி நிமிர்த்துகின்றார்கள். காரணம், அதன் கீழே இரண்டு அநாதைச் சிறுவர்களின் புதையல் இருந்தது; அவர்களின் தந்தை நல்லடியாராக இருந்தார். அந்தத் தந்தை ஏழாம் தலைமுறைப் பாட்டனார் என்று கூறப்படுவதாகவும் இப்னு கஸீர் தம் விரிவுரையில் குறிப்பிடுகின்றார்கள். ஒருவரின் நன்மை அவருக்குப் பின்னரும் பிள்ளைகளின் சுவரைத் தாங்கி நிற்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஆகவே உங்களிடம் மூன்று வேண்டுகோள்கள்.

உங்கள் தந்தையும் பாட்டனாரும் உயிருடன் இருப்பார்களாயின், இந்த வாரமே அவர்களின் அருகில் அமருங்கள். எந்தத் தொழில் செய்தீர்கள், யாருக்கு உதவினீர்கள், எதை மறுத்தீர்கள் என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதை ஒரு நோட்டில் எழுதுங்கள். பிள்ளைகளையும் உடன் அமர வையுங்கள்.

அவர்கள் மறைந்துவிட்டிருந்தால், அவர்களின் கூட்டாளிகளையும் பழைய அண்டை வீட்டாரையும் தேடிச் சென்று கேட்டு எழுதுங்கள். அவர்களுக்குக் கடன் ஏதும் நிலுவையில் இருந்தால் தீருங்கள். அவர்கள் செய்துவந்த ஒரு நற்செயலையேனும் தொடருங்கள். ஒரு மனிதர் மறைந்த பின்னும் பயன் தருகின்ற மூன்றனுள், அவருக்காக துஆச் செய்கின்ற ஸாலிஹான பிள்ளையும் ஒன்று என்பதை மறவாதீர்கள்.

நீங்களே தந்தையாக இருப்பின், அடுத்த முறை வாசலுக்கு ஒரு தாம்பாளம் வரும்போது உள்ளே படித்துக் கொண்டிருக்கின்ற பிள்ளையை ஒருமுறை திரும்பிப் பாருங்கள். உங்கள் பெயரின் முதலெழுத்தைச் சுமந்து நடக்கப் போவது அந்தப் பிள்ளைதான்.

உழைத்து உண்டு, ஊருக்கு உதவி, தூய கைகளுடன் மறைந்த நம் முன்னோர்கள் அனைவரின் கபுருகளையும் வல்ல அல்லாஹ் ஒளிமயமாக்குவானாக! அவர்களின் நற்பெயருக்கு நம்மைத் தகுதியுள்ள வாரிசுகளாக ஆக்குவானாக! ஆமீன்.